வட்டை விதானையும் சுக்கானியும்

நிந்தவூரிலிருந்து கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றால் அடுத்து வருவது ஒலுவில். டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013இல் திறந்து வைக்கப்பட்ட துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. வேலையும் வாணிபமும் பெருகும் என மக்களுக்குச் சொல்லப்பட்டது. நடந்தது வேறு. வாயிலை மணல் மூடியது. அலைதடுப்புச் சுவர்களின் வடபுறத்துக் கரையைக் கடல் அரித்தது. கரைவலைக்காரர் தோணி ஏற்றி வைக்கும் மணற்பரப்பு ஆண்டுக்காண்டு குறுகிற்று. வணிகத் துறைமுகமாக அது தலையெடுக்கவேயில்லை.

ஆயினும் கொள்கலன் என்னும் சொல் வேறொரு வழியாக நம் ஊர்களுக்குள் நுழைந்துவிட்டது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கும் பிற இடங்களிலும் கணினியியல் பயின்று வெளியேறும் நம்மூர்ப் பிள்ளைகளிடம், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இன்று தவறாது கேட்கும் கேள்விகளுள் ஒன்று, 'குபர்நெட்டீஸ் தெரியுமா?' என்பது. குபர்நெட்டீஸ் என்பது கிரேக்கச் சொல். சுக்கான் பிடிப்பவன், சுக்கானி என்று பொருள். ஆயிரக்கணக்கான கணினிகளில் இலட்சக்கணக்கான மென்பொருட் கொள்கலன்களை வைத்து ஓட்டுகின்ற ஓர் ஒருங்கியக்க அமைப்புக்கு இப்பெயரை இட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் பணம் அனுப்புகிறோம், படம் பார்க்கிறோம், பரீட்சைப் பெறுபேறு தேடுகிறோம்; அந்த ஒவ்வொரு விரற்றொடலுக்கும் பின்னால் எங்கோ ஓரிடத்தில் இத்தகைய அமைப்பொன்று இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். அது எவ்வாறு உருவாயிற்று, அதன் உள்ளமைப்பு யாது, அதன் வரலாற்றில் உழைப்பாளியின் இடம் என்ன என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தொழில்நுட்பம் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரியது என்று ஒதுங்கி நிற்கும் மனப்பான்மை நம் ஆசிரியர்களிடையே மிகுதி. நீராவி இயந்திரத்தை அறியாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைக் கற்பிக்க இயலுமா?

கொள்கலனின் கதை கணினியில் தொடங்கவில்லை, கப்பற்றுறையில் தொடங்கியது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் நியூவார்க் துறையிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்னும் பழைய எண்ணெய்க் கப்பல், 58 உலோகப் பெட்டிகளைத் தன் மேற்றளத்தில் சுமந்துகொண்டு டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் மல்கம் மக்லீன் என்னும் பாரவூர்தி முதலாளி. அந்நாளில் சரக்கைச் சாக்குச் சாக்காக, பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் ஏற்றத் தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 டொலர் செலவாயிற்று. பெட்டியாக ஏற்றியபோது செலவு ஏறத்தாழ 16 சதம். முதலாளித்துவ உலகின் வாணிபத்தை மாற்றியமைக்க இந்த ஒரு கணக்கே போதுமானதாயிருந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது பெட்டியின் இரும்பை அன்று. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பாரந்தூக்கி அறிய வேண்டியதில்லை. கப்பல் அறிய வேண்டியதில்லை. பாரவூர்தியும் அறிய வேண்டியதில்லை. தேயிலையா, துணியா, பொம்மையா என்ற வேறுபாடுகள் யாவும் மறைந்து, நீளமும் அகலமும் மூலைக் கொளுவியும் ஒன்றாயிருப்பதே முக்கியமாயிற்று. 1960களின் பிற்பகுதியில் இவ்வளவுகள் உலகப் பொதுத்தரமாக்கப்பட்டன. உள்ளடக்கத்தை மறந்துவிடும் இந்த ஆற்றல்தான் கொள்கலனின் உயிர்.

மறக்கப்பட்டது சரக்கு மட்டுமா? சரக்கைச் சுமந்த தோள்களும் மறக்கப்பட்டன. அமெரிக்க மேற்குக் கரையில் ஹரி பிரிட்ஜஸ் தலைமையிலிருந்த துறைமுகத் தொழிலாளர் சங்கம், வருவதைத் தடுத்து நிறுத்த முடியாது எனக் கண்டு, 1960இல் முதலாளிமாருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. இயந்திரம் வரட்டும், ஆனால் அதனால் வரும் இலாபத்தில் ஒரு பங்கு நிதியாக ஒதுக்கப்பட வேண்டும், பதிவு பெற்ற தொழிலாளி வீதிக்குத் தள்ளப்படலாகாது என்பது அதன் சாரம். அதனைச் சரணாகதி என்றவர்களும் உண்டு, சாதுரியம் என்றவர்களும் உண்டு. சங்கம் வலுவாயிருந்த இடத்தில் பேரம் பேச முடிந்தது என்பது மட்டும் உறுதி. இலண்டனிலோ, தலைமுறை தலைமுறையாகத் துறைத்தொழிலாளர் வாழ்ந்த கிழக்குப் பகுதியின் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1981இல் ரோயல் துறைகளும் அடைபட்டன.

நம் நாட்டிலும் இக்கதைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து அதிரவைத்த கொழும்புத் துறைமுகம், 1958இல் சரக்குக் கையாளும் தொழிலைத் தனியாரிடமிருந்து அரசு பொறுப்பேற்றதையும், 1979இல் துறைமுக அதிகாரசபை உருவாக்கப்பட்டதையும் கண்டது. 1980களில் கொள்கலன் முனையம் எழுந்தது. 2021ஆம் ஆண்டில் அத்துறைமுகம் கையாண்ட இருபதடிப் பெட்டிகளின் எண்ணிக்கை 72 இலட்சத்துக்கும் மேல். புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களில் இன்றும் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளைக் காணலாம். துறைமுக வேலிக்கு உள்ளேயோ வானளாவிய பாரந்தூக்கிகளே கண்ணிற்படுகின்றன.

இனிக் கணினிக்கு வருவோம். ஒரு மென்பொருளை ஒரு கணினியில் எழுதி இன்னொரு கணினிக்குக் கொண்டுசென்றால் அது ஓடாமற் போவது நெடுங்காலத் தொல்லை. அதற்கு வேண்டிய துணைநிரல்கள் அங்கே இரா. இருப்பினும் வேறு பதிப்பாயிருக்கும். மென்பொருளையும் அதற்கு வேண்டிய யாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் படிப்படியாகவே வளர்ந்தது. 1979இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில், ஒரு நிரலுக்கு ஒரு கோப்புறையை மட்டும் காட்டி, அதுவே உலகம் என நம்பவைக்கும் வசதி வந்தது. 2000ஆம் ஆண்டில் வேறோர் இயங்குதளம் இவ்வேற்பாட்டை இறுக்கி, 'சிறை' என்றே அதற்குப் பெயரிட்டது. ஒவ்வொரு நிரலும் எவ்வளவு நினைவகம், எவ்வளவு கணிப்புத் திறன் உண்ணலாம் என வரம்பு கட்டும் முறையைக் கூகிள் கொம்பனியின் பொறியியலாளர் ஆக்கினர். அது 2008இல் லினக்ஸின் கருவில் சேர்ந்தது. 2013 மார்ச்சில், கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டின் ஐந்து நிமிடக் குறும்பேச்சு ஒன்றில், சொலமன் ஹைக்ஸ் என்பவர் இவற்றையெல்லாம் எவரும் எளிதிற் கையாளும் ஒரு கருவியாக்கிக் காட்டினார். அக்கருவியின் பெயர் டொக்கர்.

ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் துறைமுகத் தொழிலாளி என்பது பொருள். இரும்புப் பெட்டி எந்தத் தொழிலாளியைத் துறையிலிருந்து அகற்றிற்றோ, அவன் பெயரையே மென்பெட்டி சூடிக்கொண்டது. மொழியின் வரலாற்றில் இத்தகைய முரண்கள் பல உண்டு. இதனைவிடக் கூரிய ஒன்றை நாம் கண்டதில்லை.

ஒரு பெட்டியை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். நூறு பெட்டிகளைப் பத்துப்பேர் பார்த்துக்கொள்ளலாம். பதினாயிரம் கணினிகளில் பல இலட்சம் பெட்டிகள் ஓடும்போது, நாள்தோறும் சில கணினிகள் பழுதாவது தவிர்க்க முடியாதது. எது எங்கே இருக்கிறது, எது இறந்தது, இறந்ததற்கு மாற்றாக எதை எங்கே எழுப்புவது என்பதை மனிதர் கையால் செய்ய இயலாது. இந்நெருக்கடியை முதலில் பெருமளவில் எதிர்கொண்ட நிறுவனங்களுள் ஒன்று கூகிள். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அது தனக்குள் ஓர் அமைப்பைக் கட்டிக்கொண்டது. 'போர்க்' என்பது அதன் பெயர். தொலைக்காட்சித் தொடரொன்றில் வரும், கண்டவற்றையெல்லாம் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும் கொடியோர் கூட்டத்தின் பெயர் அது. அதன் முழு விவரத்தையும் 2015இலேதான் அந்நிறுவனம் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. அதற்கு ஓராண்டு முன்னர், 2014 ஜூனில், போர்க்கின் பட்டறிவைக்கொண்டு புதிதாக எழுதப்பட்ட ஓர் அமைப்பை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதுவே குபர்நெட்டீஸ். அதன் சின்னத்திலுள்ள சுக்கான் சக்கரத்துக்கு ஏழு ஆரங்கள். உள்வட்டத்தில் அத்திட்டத்துக்கு வழங்கிய பழைய பெயரும் அதே தொடரில் 'ஏழு' என்னும் எண்ணைப் பெயராகத் தாங்கிய பாத்திரமொன்றைக் குறித்தது.

இதனை ஈகை எனக் கருதினால் நாம் ஏமாந்தவராவோம். கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தொழிலில் அமேசன் நிறுவனம் 2006 முதலே முன்னணியில் நின்றது. ஒருவரிடம் வாடகைக்கு இருப்பவர் எளிதில் மற்றவரிடம் குடிபெயர முடியுமானால், பின்தங்கி வந்தவருக்கே ஆதாயம். பெட்டி எந்தக் கப்பலிலும் ஏறும் என்றால், புதிய கப்பல்காரனுக்கும் பிழைப்பு உண்டு. பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த மீசோஸ், டொக்கர் கொம்பனியின் சுவாம் முதலான போட்டி அமைப்புகள் சில ஆண்டுகள் களத்தில் நின்றன. 2017இல் டொக்கர் கொம்பனியே குபர்நெட்டீசையும் தன் பொருளில் சேர்த்துக்கொண்டதோடு அப்போட்டி பெரும்பாலும் முடிந்தது.

இத்தகைய அமைப்புகளின் தொழிலை ஆங்கிலத்தில் வாத்தியக்குழுவை நடத்துதல் என்னும் பொருள்பட வழங்குகிறார்கள். பழந்தமிழில் இதற்கு ஒப்பான சொல் தேடுவோர் 'பல்லியம்' என்பதை நாடலாம், அழகான சொல்தான். ஆனால் உவமை பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. வாத்தியக்குழுவின் நடத்துநர் ஒவ்வொரு கணமும் கோலசைத்து, இன்னது இப்போது செய் என ஏவுகிறார். ஒருங்கியக்க அமைப்பில் அவ்வாறு ஏவுவோர் எவருமில்லை. அதன் உள்ளமைப்பை விளக்க வேண்டுமானால், கச்சேரி மேடையை விட்டு நம்மூர் வயல்வெளிக்குத்தான் வரவேண்டும்.

நிந்தவூரும் சம்மாந்துறையும் பட்டிப்பளை ஆற்றின் கழிமுகச் சமவெளியில் நெல்லை நம்பி வளர்ந்த ஊர்கள். கல்லோயா என இன்று வழங்கும் ஆற்றின் பழம்பெயர் அது. பரந்த வயல்வெளியை இங்கே வட்டை என்பர். வட்டையின் நீருக்குப் பொறுப்பானவர் வட்டை விதானை. போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூட்டம் கூடும். முதல் நீர் எந்த நாளில் திறப்பது, விதைப்பு எந்த நாளுக்குள் முடிவது, எத்தனை மாத நெல்லினம் விதைப்பது, மாடுகளை எப்போது வட்டையிலிருந்து அப்புறப்படுத்துவது, வாய்க்காலில் யாருடைய பங்கை யார் வெட்டுவது என்பன அங்கே தீர்மானிக்கப்பட்டு எழுத்திற் பதியப்படும். பதிந்த பின் அது சட்டத்தின் வலுவைப் பெறும்.

வட்டை விதானை என்ன செய்கிறார்? 'காலை ஆறு மணிக்கு மூன்றாம் மதகைத் திற' என்று எவரும் அவருக்குக் கட்டளை அனுப்புவதில்லை. பதியப்பட்ட தீர்மானம் இன்னது என்பது அவருக்குத் தெரியும். வயல் இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பதைத் தம் கண்ணால் பார்க்கிறார். இரண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால் அதைக் குறைக்க ஒரு செயல் செய்கிறார். வக்கடை ஒன்றை அடைக்கிறார், ஒரு கதவைத் தூக்குகிறார், வரம்பு உடைத்தவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார். மீண்டும் பார்க்கிறார். அறுவடை வரை இந்தப் பார்த்தலும் திருத்தலும் ஓய்வதில்லை.

குபர்நெட்டீசின் நெஞ்சில் இருப்பதும் இதுவே. அதனை ஆள்பவர் 'இதைச் செய், பின் அதைச் செய்' எனக் கட்டளைத் தொடர் எழுதுவதில்லை. 'இன்ன மென்பொருள் ஐந்து படிகளாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நினைவகம்' என வேண்டிய நிலையை மட்டும் எழுதிக் கொடுக்கிறார். அது ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேட்டை எவரும் நேரே தொட முடியாது. வாயிற்காப்போன் போன்ற ஒரு நிரலின் ஊடாகவே எழுதவும் வாசிக்கவும் வேண்டும். எழுதுபவர் யார், அவருக்கு அவ்வுரிமை உண்டா என்பதை அந்த வாயில் பார்த்துக்கொள்கிறது. அமைப்பின் மற்றை உறுப்புகள் ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்ளாமல், இப்பதிவேட்டைப் பார்த்தே தத்தம் கருமத்தை ஆற்றுகின்றன.

அவ்வுறுப்புகளுள் ஒரு வகை, வேண்டிய நிலைக்கும் உள்ள நிலைக்கும் இடையேயுள்ள பிளவை ஓயாது நோக்கும் நிரல்கள். ஐந்து வேண்டும், நான்கே இருக்கின்றன எனக் கண்டால், இன்னொன்றுக்கான பதிவை ஏட்டில் எழுதும். இவற்றைக் 'கங்காணி' எனத் தமிழாக்கலாம், பொருளும் பொருந்தும். ஆனால் மலையகத் தோட்டங்களில் அச்சொல்லின்மேல் படிந்திருக்கும் நினைவுகளை எண்ணி, நோக்கர் என்றே சொல்வோம். நோக்கர் எழுதிய புதிய பதிவுக்கு இடம் எது எனத் தீர்ப்பது இடங்குறிப்போன் என்னும் இன்னோர் உறுப்பு. எந்தக் கணினியில் நினைவகம் மிச்சம் உண்டு, எது ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கிறது என ஆராய்ந்து, தகுந்த கணினியின் பெயரை அப்பதிவின் எதிரே எழுதிவிட்டு அது ஒதுங்கிவிடும். பெட்டியைத் தூக்கி வைப்பது அதன் வேலை அன்று. ஒவ்வொரு கணினியிலும் ஒரு வட்டை விதானை உண்டு; குபலெட் என்பர். ஏட்டில் தன் கணினியின் பெயர் எதிரே புதிதாக ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என நோக்கி, இருந்தால் கொள்கலனை இறக்கி ஓடவிடுவதும், அது உயிரோடிருக்கிறதா எனப் பார்ப்பதும், நிலைமையை வாயிலுக்கு அறிவிப்பதும் அதன் கடன்.

ஏடு எரிந்துபோனால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அதனால் ஏட்டை மூன்று அல்லது ஐந்து படிகளாக வெவ்வேறு கணினிகளில் வைக்கிறார்கள். ஒரு வரி எழுத வேண்டுமானால் பெரும்பான்மைப் படிகள் அதனை ஏற்க வேண்டும். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று. பிரிந்து நிற்கும் சிறுபான்மைப் படியொன்று தன்னிச்சையாக எதையும் எழுத முடியாது. இந்த உடன்பாட்டு முறைக்குக் கணிதவழி நிறுவல் உண்டு. இங்கே கையாளப்படுவதை 2014இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒங்காரோ, ஓஸ்டர்ஹவுட் என்னும் இருவர் வெளியிட்டனர்.

ஒவ்வொரு விதானையும் சில விநாடிகளுக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என ஏட்டில் ஒப்பமிடுகிறார். ஒப்பம் நின்றால், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் அக்கணினி ஐயத்துக்கு உள்ளாகிறது. உடனே அதன் பெட்டிகளை வேறிடத்தில் எழுப்பிவிடுவதில்லை. வழக்கமாக ஐந்து நிமிடம் பொறுக்கிறார்கள். கம்பி மட்டும் அறுந்திருக்கலாமல்லவா? மறுதலையாக, மையமே சரிந்துவிட்டால் வயல்கள் காய்ந்துவிடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் ஓடிக்கொண்டேயிருக்கும். புதிய முடிவுகள்தாம் நிகழா. பொறியியலாளர் காரியாலயம் பூட்டியிருந்தாலும் திறந்த வாய்க்காலில் நீர் போய்க்கொண்டிருப்பது போல. இன்னொரு நுட்பமும் உண்டு. படிகள் இறந்து இறந்து பிறப்பதால் அவற்றின் விலாசம் மாறிக்கொண்டே இருக்கும். ஆதலால் அவற்றைத் தேடி வருவோர்க்கு மாறாத ஒரு பொதுப்பெயர் கொடுக்கப்படுகிறது. 'அதிபர், இன்ன பாடசாலை' என விலாசமிட்ட கடிதம், அதிபர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் புதியவர் மேசையில் வந்து சேர்கிறதல்லவா?

இவ்வளவு ஒப்புமை கூறியபின், வட்டையின் வரலாறு ஒரு பொற்காலக் கதை என எவரும் மயங்கலாகாது. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில், 1856இல் இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், உழவரின் பழைய வழக்கங்களுக்குச் சட்ட உருவம் கொடுத்தது. அக்காலத்தில் மட்டக்களப்புப் பகுதியின் இறக்காமம் முதலிய குளங்களும் திருத்தப்பட்டன. நெல்வரியில் பிரித்தானிய அரசுக்கு இருந்த நாட்டம் இந்த அக்கறையின் பின்னே நின்றது. கூட்டத்தில் குரல் இருந்தது காணிக்காரருக்கு. போடியார் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுவது அரிது. வட்டை விதானைக்கு ஊதியம் ஒவ்வொரு களத்திலிருந்தும் கிடைத்த நெல். பெரிய களம் யாருடையதோ அவர் வயலுக்கே முதலில் நீர் பாய்ந்ததில் வியப்பில்லை. முல்லைக்காரரும் கூலிக்கு நாற்று நட்ட, களை பிடுங்கிய பெண்களும் அந்த ஏட்டில் ஒரு வரிகூட எழுதியவரல்லர். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பிலிப் குணவர்தனவின் முயற்சியால் வந்தது. அது விதானைப் பதவியை ஒழித்து, பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்த முனைந்தது. குத்தகைச் செய்கையாளரை நிலத்திலிருந்து எழுப்பக் கூடாது என விதித்தது. நிலக்கிழார் பலர் சட்டம் முழுவலுப் பெறுமுன்னரே எழுப்பவும் செய்தனர்.

இதே காலத்தில் ஆற்றின் மேற்பகுதியில் முற்றிலும் வேறான ஓர் ஒருங்கியக்கம் உருவாகிக்கொண்டிருந்தது. 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, அமெரிக்கக் கொம்பனியொன்றைக் கொண்டு இங்கினியாகலையில் பேரணை கட்டிற்று. சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. குடியேற்றங்கள் எழுந்தன, 1956இல் அதே குடியேற்றப் பகுதியில் இனக்கலவரம் மூண்டு தமிழர் பலர் கொல்லப்பட்டனர். நீரைப் பங்கிடும் ஏற்பாடு முழுவதும் மேலிருந்து கீழ் நோக்கியது. தலைமைக் காரியாலயத்தில் வகுத்த அட்டவணைப்படி கதவுகள் திறக்கும். வயல் என்ன நிலையில் இருக்கிறது என்ற செய்தி கீழிருந்து மேலே செல்ல வழியில்லை. 1970களின் இறுதியில் இடதுகரை வாய்க்காலில் கதவுகள் பல உடைந்து, கிளைவாய்க்கால்கள் தூர்ந்து, தலைமடையில் நீர் வழிந்தோட, கடைமடை வறண்டு கிடந்தது. கணினி மொழியிற் சொன்னால், கட்டளை இருந்தது, நோக்கர் இல்லை.

1981இல் கமநல ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்து வேலையற்றிருந்த இளைஞர் சிலரை அமைப்பாளராக்கி வயல்களுக்கு அனுப்பின. அவ்வாண்டு சமுத்திரத்தில் இருந்த நீர் கொள்ளளவில் ஏறத்தாழ காற்பங்கே. மிகக் கெட்ட காலத்தில் தொடங்கிய முயற்சி. ஆயினும் ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து உழவர் கூடிப் பேசினர். வாய்க்காலைச் சிரமதானமாக வெட்டினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கீழே விட்டனர். சிங்கள உழவர் விட்ட நீர் தமிழ் உழவரின் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சிகளையும், அம்முயற்சியில் ஈடுபட்ட கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொப் 1992இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கிறார். வயல்வாய்க்காற் குழு, அதன் மேல் கிளைவாய்க்கால் அமைப்பு, அதன் மேல் உழவர் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் ஒன்றாக அமரும் திட்டக்குழு என அமைப்பு கீழிருந்து எழுந்தது. 1991இல் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது.

இவ்விடத்தில்தான் வயலும் கணினியும் வழி பிரிகின்றன. கொள்கலன் தன் நிலையைச் சொல்லும். தன் விருப்பத்தைச் சொல்லாது. சொல்ல வேண்டியதுமில்லை, அது நிரல். கணினித் தொழிலில் ஒரு வழக்குத் தொடர் உண்டு: முன்பு கணினிகளை வீட்டுப் பிராணிபோல் பெயரிட்டு வளர்த்தோம், நோயுற்றால் மருந்து கொடுத்தோம், இன்று அவை மந்தை, ஒன்று சரியில்லையெனில் அகற்றிவிட்டு இன்னொன்றை நிறுத்துவோம் என்பது. இடப்பற்றாக்குறையால் ஒரு பெட்டியை அகற்றுவதற்கு அவர்கள் ஆங்கிலத்தில் வழங்கும் சொல், குடியானவனை நிலத்திலிருந்து எழுப்புவதற்கு வழங்கும் அதே சொல். இரும்புக்கும் நிரலுக்கும் இம்மொழி பொருந்தலாம். ஆனால் இதே கட்டமைப்பு இன்று மனிதர் மேலும் ஏறி நிற்கிறது. கொழும்பு வீதிகளில் உணவுப் பொதி சுமந்து மோட்டார்ச் சைக்கிளில் விரையும் இளைஞனுக்கு, எந்தக் கட்டளையை யாருக்குக் கொடுப்பது எனத் தீர்மானிப்பதும் ஓர் இடங்குறிப்போனே. அவன் எங்கே இருக்கிறான் என்பது சில விநாடிகளுக்கொரு முறை பதிகிறது. ஒப்பம் நின்றால் அடுத்தவனுக்குப் போகிறது வேலை. ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் 'வேண்டிய நிலை' இத்தனை நிமிடத்தில் இத்தனை பொதி என்பது. அதை எழுதிய கூட்டத்துக்கு அவன் அழைக்கப்படவில்லை.

ஏட்டில் எழுதும் உரிமை யாருக்கு என்னும் கேள்வி குபர்நெட்டீசை ஆக்குவோரிடையேயும் எழுந்தது. 2015 ஜூலையில் முதற்பதிப்பு வெளியானபோதே, கூகிள் அதனை லினக்ஸ் அறநிறுவனத்தின் கீழமைந்த ஒரு பொதுச் சங்கத்திடம் ஒப்படைத்தது. 2017இல் வழிநடத்தும் குழுவுக்குப் பங்களிப்போர் வாக்களித்தனர். எந்த ஒரு நிறுவனத்தின் ஊழியரும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம்பெறலாகாது என விதி செய்துகொண்டனர். பங்களிப்போரிற் பெரும்பாலார் பெருநிறுவனங்களின் சம்பளம் பெறுவோர் என்பதையும் உடன்சொல்ல வேண்டும். அமைப்பு இலவசமேயாயினும் அதனை ஓட்டும் கணினிகளில் மிகப் பெரும்பகுதி அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் என்னும் மூன்று வாடகைக்காரரின் கையில்.

மூல நிரல் முழுவதும் திறந்தே கிடப்பதால், இதனைக் கற்க வாடகை கொடுக்க வேண்டியதில்லை. நம் பாடசாலைகளின் கணினிக் கூடங்களில் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய கணினிகளுள் ஓரளவு நினைவகம் உடைய மூன்று இருந்தால் போதும். கே-3-எஸ் என்னும் மெலிந்த பதிப்பு 2019 முதல் கிடைக்கிறது. மூன்றிலும் ஏட்டின் படியை வைத்து, ஒரு சிறிய வலைப்பக்கத்தை ஐந்து படிகளாக ஓடவிட்டு, ஒரு கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மாணவரைக் கடிகாரம் பார்க்கச் சொல்லலாம். ஐந்து நிமிடம் கழிந்ததும் இறந்தவற்றுக்கு மாற்றாக எஞ்சிய இரு கணினிகளிலும் புதியவை எழும். இரண்டாவதன் கம்பியையும் பிடுங்கினால், எஞ்சிய ஒன்றில் ஓடுபவை ஓடிக்கொண்டிருக்கும்; ஏட்டில் மட்டும் ஒரு வரியும் ஏறாது, பிடுங்கிய கம்பியை எவரேனும் மீண்டும் செருகும் வரை.